அத்தியின் பூவும் பெங்களூரின் குளவியும்

நீண்ட பதிவு. அறிவியல் வரலாற்றிலும் சூழலியலிலும் ஆர்வமுள்ள மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது. பொறுமையுள்ளோர் தொடர்க.

அரிதாக நிகழும் ஒன்றை 'அத்தி பூத்தாற்போல' என்று தமிழில் சொல்கிறோம். நெடுநாள் கண்ணில் படாத நண்பரை வங்காளியர் 'அத்திப்பூ' என்று கேலி செய்வர். சீன மொழியில் அத்திப்பழத்தின் பெயரே 'பூவில்லாக் கனி' என்று பொருள்படும். பூவாமலே காய்க்கும் மரத்துக்குத் தமிழில் 'கோளி' என்றொரு பழஞ்சொல் உண்டு. வடமொழியில் அத்தகைய மரம் 'வனஸ்பதி'. மனுவின் நூல் அதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. (அந்தச் சொல் இருபதாம் நூற்றாண்டில் தகர டப்பாவில் அடைத்த நெய்யின் பெயராக வந்து சேர்ந்தது வேறொரு வரலாறு.) ஒன்றோடொன்று தொடர்பற்ற பல பண்பாடுகள் ஒரே மரத்தைக் கண்டு ஒரே வியப்பை அடைந்திருக்கின்றன: காய் இருக்கிறது, பூ எங்கே?

பூ காய்க்குள்ளேயே இருக்கிறது. நாம் காய் என்று பறிப்பது உண்மையில் காயன்று, உட்பக்கமாகக் குவிந்து மூடிக்கொண்ட ஒரு மஞ்சரி. தாவரவியலார் அதைச் சைகோனியம் என்பர். இப்பதிவில் பூக்குடம் என்று வைத்துக்கொள்கிறேன். குடத்தின் உட்சுவரெங்கும் நுண்ணிய பூக்கள் நெருங்கி நிற்கும். நம் நாட்டு அத்தியின் ஒரு குடத்தில் அவை ஆயிரக்கணக்கில் இருக்கும். வெளியுலகோடு அவற்றுக்குள்ள ஒரே தொடர்பு, நுனியில் செதில்கள் அடைத்து நிற்கும் ஒரு சிறு வாய்த்துளை. ஆகவே அத்தி அரிதாகப் பூப்பதில்லை. நம் கண்ணுக்குப் படாமல், ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேலேயே பூக்கிறது.

அத்தியைப் பற்றி இன்னொரு பழமொழியும் நம்மிடம் உண்டு. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பது அது. வெளிப்பகட்டுக்குள் ஒளிந்திருக்கும் இழிவைச் சுட்ட இதைச் சொல்வார்கள். முதற்பழமொழி பூவைக் காணாதது; இரண்டாவது, பூச்சியைக் கண்டும் அதன் தொழிலைக் காணாதது. கனியின் குறையாகக் கருதப்பட்ட அந்தப் பூச்சி அம்மரத்தின் இருப்புக்கே காரணம் என்று தெரியவந்ததும், பிறகு அது தனியொரு கூட்டாளி மட்டுமன்று, ஒரு முழு உயிரினச் சமுதாயத்தின் அடித்தளம் என்று தெரியவந்ததும் நீண்ட கதை. அக்கதையின் அண்மைப் பகுதியில் பெரும்பங்கு பெங்களூரில் நிகழ்ந்தது என்பதே இதை எழுதத் தூண்டியது.

முதலில் அந்தப் பூச்சியின் தொழில். நம் அத்தியின் மகரந்தச் சேர்ப்பி செரடோசோலன் ஃபூசிசெப்ஸ் என்னும் குளவி. குளவி என்றதும் கூரையில் மண்கூடு கட்டுவதை நினைக்க வேண்டாம். இது கொசுவினும் சிறியது. கருவுற்ற பெண்குளவி, பூக்கள் பக்குவமடைந்த குடத்தை மணத்தால் அறிந்து வந்து, வாய்த்துளையின் செதில்களுக்கிடையே தன்னைத் திணித்து நுழைகிறது. நுழைகையில் சிறகுகளை இழக்கும். உணர்கொம்புகளின் பகுதிகளும் ஒடியும். உள்ளே சென்றதும் தான் கொண்டுவந்த மகரந்தத்தைச் சூல்முடிகளில் சேர்த்து, சில பூக்களின் சூலகத்தில் முட்டையிட்டு, அங்கேயே இறந்துவிடும். முட்டை பெற்ற பூ கழலையாகிக் குளவிக்குஞ்சை வளர்க்கும். முட்டை பெறாமல் மகரந்தம் மட்டும் பெற்ற பூ விதையாகும். சில வாரங்களுக்குப் பின் முதலில் ஆண்குளவிகள் வெளிப்படும். சிறகு அவற்றுக்கு இல்லை. கழலைக்குள் இருக்கும் பெண்களோடு கூடி, குடத்தின் சுவரைக் கடித்து வழி திறப்பதோடு அவற்றின் வாழ்வு முடிகிறது. அந்த வேளையில்தான் அதே குடத்தின் ஆண்பூக்கள் மகரந்தத்தோடு முதிர்கின்றன. பெண்குளவிகள் அதை ஏந்திக்கொண்டு, ஆண்கள் திறந்த வழியே வெளியேறி, வேறொரு மரத்தைத் தேடிப் பறக்கும். அவற்றின் வெளியுலக வாழ்நாள் ஓரிரு நாட்கள். குளவிகள் சென்றபின் கனி சிவந்து இனிக்கும். பறவையும் வௌவாலும் வரும். பிட்டுப் பார்ப்பவர் காணும் 'சொத்தை', பெரும்பாலும் அந்த ஆண்குளவிகளின் உடல்கள்.

மத்தியதரைக் கடல் நாடுகளின் உழவர் இதன் ஒரு பாதியைப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். காட்டு அத்தியின் காய்களைக் கோத்துத் தோட்டத்து அத்தியில் தொங்கவிட்டால்தான் காய் உதிராமல் பழுக்கும் என்பது அவர்களுடைய நடைமுறை. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் இதை விரிவாகப் பதிவு செய்துள்ளார். காட்டுக்காயிலிருந்து வரும் பூச்சிகளே இதைச் செய்கின்றன என்றும் தெரிந்திருந்தது. எப்படி என்பது மட்டும் தெரியவில்லை. நடைமுறையறிவு கோட்பாட்டறிவுக்கு ஈராயிரம் ஆண்டுகள் முந்திச் சென்ற நிகழ்வுகளுள் இது ஒன்று.

அந்த நடைமுறையறிவை ஏளனம் செய்தவர்கள் கலிஃபோர்னியாவில் பாடம் கற்றனர். 1880களில் துருக்கியின் ஸ்மிர்னா நகரிலிருந்து உயர்வகை அத்திப் போத்துகளைத் தருவித்து நட்டார்கள். மரம் செழித்தது, காய்கள் எல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்தன. துருக்கிய வணிகர்கள் போலிப் போத்துகளை விற்று ஏமாற்றிவிட்டதாகப் பலர் நம்பினர். பூச்சி வேண்டும், காட்டு அத்தி வேண்டும் என்று கூறியவர்களைக் கேட்க ஆளில்லை. இறுதியில் 1899இல், வால்டர் ஸ்விங்கிள் அல்ஜீரியாவிலிருந்து அனுப்பிய குளவிகள் ஃபிரெஸ்னோ நகரத் தோட்டமொன்றில் நிலைபெற்ற பின்னரே அம்மரங்கள் காய்த்தன. மரத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது என்பதை அவர்கள் அறிய இருபதாண்டுகளுக்கு அண்மையான காலம் பிடித்தது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அத்தியாராய்ச்சியின் உலக மையங்களுள் ஒன்றாகக் கல்கத்தா விளங்கியது. அரசுத் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் ஜார்ஜ் கிங், இந்தோ-மலாய், சீனப் பகுதிகளின் அத்தியினங்களைப் பற்றிய தம் பெருநூலை 1887-88இல் வெளியிட்டார். பூக்குடத்தினுள் ஆண்பூ, பெண்பூ ஆகியவற்றோடு குளவிக்கென்றே அமைந்த கழலைப்பூ என்ற வகையையும் அவர் பிரித்துக் காட்டினார். அதற்குச் சற்று முன்னர், 1885இல், வியன்னாவின் குஸ்தாவ் மையர் உலகின் பல பகுதிகளிலிருந்து தமக்கு வந்த அத்திப்பூச்சிகளை ஆராய்ந்து பெயரிட்டார். நம் அத்தியின் குளவிக்குப் பெயர் தந்தவரும் அவரே.

கிங்கின் நண்பர் வட்டத்தில் டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம் என்ற இராணுவ மருத்துவர் இருந்தார். காலரா ஆராய்ச்சிக்காக இந்தியா வந்தவர். நுண்ணோக்கியில் தேர்ந்த அவர், பெரிய இலைகளையுடைய இமயமலை அத்தியொன்றை எடுத்துக்கொண்டு 1889இல் நெடுங்கட்டுரை எழுதினார். குளவி நுழையாத குடம் வளராமல் உதிர்ந்துவிடும் என்பதை ஐயமறக் கண்டார். ஆனால் மகரந்தத்தால் கருவுறுதல் நிகழ்கிறது என்பதை அவர் ஏற்கவில்லை. குளவியின் வருகை தரும் தூண்டலாலேயே கரு உருவாகிறது என்று முடிவு கட்டினார். இன்றைய நமக்கு இது தவறு. எனினும் அக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளவியைக் குறையாகப் பார்க்கும் வழக்கத்திலிருந்து அவர் முற்றிலும் விலகிவிட்டார். அவருடைய அவதானிப்பு சரியானது. விளக்கம் மட்டுமே பிழைத்தது. அவதானிப்பைக் காக்க வேண்டும், விளக்கத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று வகுப்பறையில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எளிதில் கிடைக்காது.

மகரந்தம் எவ்வாறு செல்கிறது என்ற வினா 1960களின் இறுதி வரை திறந்தே இருந்தது. குளவியின் உடல்மேல் தற்செயலாக ஒட்டிச் செல்கிறது என்பதே பொதுக்கருத்து. டெல் அவீவைச் சேர்ந்த கலில், ஐசிகோவிச் ஆகிய இருவரும் எகிப்து அத்தி எனப்படும் மரத்தை ஆராய்ந்தனர். எகிப்திலும் இஸ்ரேலிலும் அம்மரத்துக்கு மகரந்தச் சேர்ப்பி கிடையாது. விதையின்றிப் போத்துகளாலேயே அது பரப்பப்பட்டது. பழங்கால எகிப்தியர் ஒவ்வொரு காயையும் கத்தியால் கீறிப் பழுக்கச் செய்தனர். குளவியோடு கூடிய மரத்தைக் காண வேண்டுமானால் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டும். கென்யாவில் அவர்கள் கண்டது பலரும் எதிர்பாராதது. பெண்குளவியின் மார்பில் மகரந்தம் வைக்கவென்றே பைகள் இருந்தன. முன்னங்கால்களில் உள்ள சீப்பு போன்ற மயிர்களால் மகரந்தத்தை வாரிப் பையில் இட்டு, புதிய குடத்துள் நுழைந்தபின் அதை எடுத்துச் சூல்முடியில் தூவியது. அதாவது மகரந்தச் சேர்க்கை இங்குத் தற்செயல் அன்று; பூச்சி மேற்கொள்ளும் வேலை. 1969இல் ராமிரெஸ் அமெரிக்க அத்திக்குளவிகளிடமும் மகரந்தப் பைகளைக் காட்டினார். அதே ஆண்டில் இந்தியாவிலிருந்து சோப்ரா, கௌர் இருவரும் அத்தியினங்களின் மகரந்தச் சேர்க்கையையும் கருவுறுதலையும் பற்றித் தம் ஆய்வை வெளியிட்டனர். எகிப்து அத்தியின் குளவியும் நம் அத்தியின் குளவியும் ஒரே பேரினம் என்பதால், அங்கே கண்டது இங்கே நேரடியாகப் பொருந்தியது.

இந்தியாவில் அத்திப்பூச்சிகளின் வகைப்பாட்டுக்கு உழைத்தவர்களுள் கே. ஜே. ஜோசஃப் முதன்மையானவர். பிற்காலத்தில் கோழிக்கோட்டில் அப்துரஹிமானுடன் சேர்ந்து நம் அத்திக்குளவியின் முட்டையிடும் நடத்தையை நேரில் நோக்கி எழுதினார். அத்தியில் வாழும் மகரந்தம் சேர்க்காத குளவி இனமொன்று ஆக்ராவின் பெயரை 'ஆக்ரென்சிஸ்' என்று தாங்கி நிற்பது அவர் சூட்டிய பெயரால்தான். வகைப்பாட்டியலை எழுத்தர் வேலை என்று எள்ளுவோர் நம் துறைகளில் இன்றும் உண்டு. அப்பெயர்ப் பட்டியல் இல்லாதிருந்தால் அடுத்துச் சொல்லப்போகும் பெங்களூரு ஆய்வுகளுள் எதுவும் நடந்திருக்காது.

இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் அறிவியல் மையம் 1983இல் மாதவ் காட்கிலின் முயற்சியால் தொடங்கப்பட்டது. அங்கே ரெனி போர்ஜஸும் அவருடைய மாணவர்களும் இந்த நூற்றாண்டின் முதல் இருபதாண்டுகளில் நம் அத்தியைப் பற்றி வெளியிட்ட கட்டுரைகளை வரிசையாகப் படித்தால் வினா இடம்பெயர்ந்திருப்பது புலப்படும். 'யார் மகரந்தம் சேர்க்கிறார்?' என்பது முடிந்துபோன வினா. 'அந்த உறவைச் சுற்றி யார் யார் வாழ்கிறார்கள், அவர்களால் உறவு எப்படி நிலைக்கிறது?' என்பதே அவர்களின் வினா.

இதற்கு அத்தியைப் போல வசதியான மரம் இல்லை. அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் ஏணியின்றியே ஆய்வு செய்யலாம். மழைக்காட்டுக்குப் போக வேண்டியதுமில்லை. கழக வளாகத்திலும் நகரத் தெருக்களிலும் அது நிற்கிறது. உயர்ந்த சூழலியல் என்றால் மலையும் காடும்தான் என்ற எண்ணம் நம் மாணவர்களிடம் ஆழப் பதிந்திருக்கிறது. தெருவோர மரத்தைக் கொண்டே உலகத் தரமான சமுதாயச் சூழலியலைச் செய்ய முடியும் என்பதற்கு இந்த ஆய்வுத் தொடரே சான்று.

நம் அத்தியின் பூக்குடத்தில் மகரந்தச் சேர்ப்பியோடு மேலும் ஆறு குளவி இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் எதுவும் மகரந்தம் சேர்ப்பதில்லை. வாய்த்துளை வழியே நுழைவதும் இல்லை. குடத்தின் வெளிச்சுவரில் அமர்ந்து, நீண்ட முட்டையிடும் குழலால் துளையிட்டு, உள்ளே முட்டை வைக்கின்றன. சில தாமே கழலை உண்டாக்குபவை. சில பிறர் உண்டாக்கிய கழலையின் உள்ளிருக்கும் குஞ்சை உண்பவை. ஒவ்வொன்றும் வரும் காலம் வேறு. குடம் மிக இளமையாக இருக்கும்போது வருவது ஒன்று, மகரந்தச் சேர்ப்பி வரும் நாட்களில் வருவது ஒன்று, சுவர் தடித்து இறுகியபின் வருவது இன்னொன்று. மஹுவா கரா, குண்டநாதி, போர்ஜஸ் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குழல்களை ஒப்பிட்டு, ஒவ்வோர் இனத்தின் குழலமைப்பும் அதன் வாழ்முறையைக் காட்டிக்கொடுப்பதைச் சொன்னது. பின்னர் அதே கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையில் குண்டநாதியும் நம்ரதா குண்டையாவும் ஒட்டுண்ணிக் குளவியொன்றின் குழல்நுனியில் துத்தநாகம் செறிந்திருப்பதை 2014இல் காட்டினர். மயிரினும் மெல்லிய துரப்பணம், உலோகம் ஏற்றிய நுனியோடு. எட்ட நின்று முட்டையிட வேண்டியிராத மகரந்தச் சேர்ப்பிக்கு அத்தகைய ஆயுதம் தேவைப்படவில்லை.

இந்த ஒட்டுண்ணிகளை ஏமாற்றுக்காரர்கள் என்று பழைய நூல்கள் குறித்தன. அவை மகரந்தச் சேர்ப்பியின் குஞ்சுகளைக் கொல்கின்றன, அல்லது அவற்றுக்குரிய பூக்களைக் கவர்கின்றன. மரத்துக்கு எந்தக் கைம்மாறும் இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. குளவி எல்லாப் பூக்களிலும் முட்டையிட்டுவிட்டால் மரத்துக்கு விதையே இராது. அதைத் தடுப்பது எது என்பது அத்திச் சூழலியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. குடத்தின் வெளிச்சுவரை ஒட்டிய கழலைகளை ஒட்டுண்ணிகளின் குழல் எளிதில் எட்டுவதால், மகரந்தச் சேர்ப்பி உட்புறப் பூக்களிலேயே முட்டையிட முற்படுகிறது, வெளிப்புறப் பூக்கள் விதையாக எஞ்சுகின்றன என்பது அறிஞர் சிலர் தரும் விடைகளுள் ஒன்று. முழு விடை அதுவே என்று நான் கருதவில்லை. ஆயினும் இருவர் உறவு நிலைக்க மூன்றாமவர் துணைபோகக்கூடும் என்ற கருத்து, மகரந்தச் சேர்க்கையை இருவருக்கிடையிலான கொடுக்கல் வாங்கலாக மட்டும் கற்பிக்கும் நம் பாடநூல்களில் இன்னும் இடம்பெறவில்லை.

எறும்புகளும் இதில் உண்டு. மரத்தில் இலைகளைப் பின்னிக் கூடுகட்டும் முசிறு, குடத்தின் மேல் அமரும் குளவிகளைப் பிடித்துத் தின்னும். ரங்கநாதனும் போர்ஜஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வேட்டையாடும் எறும்பும், சாறுறிஞ்சும் பூச்சிகளை மேய்க்கும் எறும்பும் அத்தியின் மணத்துக்கும் குளவியின் மணத்துக்கும் வெவ்வேறு வகையில் எதிர்வினை காட்டின. மரம் குளவியை அழைக்க விடும் மணத்தை அதன் பகைவரும் படிக்கின்றனர். பகலில் ஒரு மணமும் இரவில் ஒரு மணமும் எழுவதையும், குடத்தின் வளர்நிலைக்கேற்ப அது மாறுவதையும் 2013இல் அதே குழு விவரித்தது. குளவியின் உடலுக்குள் ஏறி ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்குப் பயணம் செய்யும் நூற்புழுக்களைப் பற்றி சத்யஜித் குப்தாவும் போர்ஜஸும் எழுதிய கட்டுரைகள் தனிப்பதிவுக்கு உரியவை. 2021இல் வெளியான கட்டுரையின்படி, ஏறப்போகும் குளவியில் ஏற்கெனவே எத்தனை பயணிகள் உள்ளனர் என்பது அப்புழுக்களின் தேர்வைப் பாதிக்கிறது. நெரிசலான மாநகரப் பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இத்தனையும் விரல்நுனியளவுள்ள ஒரு குடத்துக்குள். குடத்துக்கு வெளியே குக்குறுவான்கள், குயில்கள், மைனாக்கள், பழந்தின்னி வௌவால்கள், அணில்கள். மற்ற மரங்கள் காய்க்காத மாதங்களிலும் ஏதேனும் ஓர் அத்தியோ ஆலோ பழுத்திருக்கும் என்பதால், வளைவைத் தாங்கும் நடுக்கல் போன்ற இனம் என்று அத்தியினங்களைச் சூழலியலார் அழைக்கலாயினர். பெரு நாட்டு மழைக்காட்டை முன்வைத்து ஜான் டெர்போர்க் 1986இல் எழுதியது இக்கருத்துக்குப் பெரும்பரவலைத் தந்தது. எல்லா இடங்களிலும் இது மெய்யாகாது என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். 1989இல் காபோன் நாட்டுக் காட்டில் இதைச் சோதித்தவர்கள், அங்கே அத்தி அடர்த்தி குறைவாதலால் அது அப்பங்கை வகிக்கவில்லை என்று எழுதினர். நடுக்கல் என்பது மரத்தின் பிறவிக்குணம் அன்று. எத்தனை மரங்கள், எத்தனை அண்மையில், எந்தெந்த மாதத்தில் காய்க்கின்றன என்பதைப் பொறுத்தது அது.

ஆண்டு முழுதும் பழம் கிடைப்பதன் காரணமும் குளவிதான். ஒரே மரத்தின் குடங்கள் பெரும்பாலும் ஒன்றாக முதிர்கின்றன. ஆகவே ஓரிரு நாளே வாழும் குளவி தான் பிறந்த மரத்தில் முட்டையிட இடம் காணாது. அருகில் எங்கோ வேறொரு மரம் அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மரங்கள் முறைவைத்து, ஒன்றையடுத்து ஒன்றாகப் பூத்தால்தான் குளவியின் வழி அறாது. அந்த முறைவைப்பின் துணைவிளைவே பறவைகளுக்கு ஆண்டு முழுதும் கிடைக்கும் கனி.

இங்கே பெங்களூரின் தோட்டக்கலை வரலாறு நினைவுக்கு வராமல் இராது. 1908இல் பரோடாவிலிருந்து மைசூர் அரசின் பணிக்கு வந்து லால்பாகின் பொறுப்பேற்ற ஜெர்மானியர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல், தொடர் பூப்பு என்ற கருத்தால் இந்நகரில் நினைக்கப்படுகிறார். ஒரு மர இனம் பூத்து ஓய்கையில் அடுத்தது தொடங்கும்படி சாலை மரங்களைத் தேர்ந்து நடுதல். நாட்டு மரங்களோடு தென்னமெரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த ஜகராண்டா, தபேபுயா போன்றவை அவ்வாறு நகரில் இடம்பெற்றன. இன்று சமூக ஊடகங்களில் இளஞ்சிவப்பாகப் பரவும் பெங்களூரின் படங்கள் அந்த மரபின் வழிவந்தவை. அழகிய மரபுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அது மனிதக் கண்ணுக்காக வகுக்கப்பட்ட நாட்காட்டி. அதற்கு நெடுங்காலம் முன்னரே இந்நிலத்தில் கண்ணுக்குத் தெரியாத வேறொரு தொடர் பூப்பு நடந்துகொண்டிருந்தது. ஊர்ப்புறத்து குண்டுதோப்புகளிலும், ஏரிக்கரைகளிலும், அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் கட்டைகளிலும் நின்ற அத்தி, ஆல், அரச மரங்கள் தத்தம் குளவிகளுக்காக முறைவைத்துப் பூத்தன. கிரும்பீகலின் நாட்காட்டியைப் பற்றி நூல்கள் உள்ளன. இந்த இரண்டாவது நாட்காட்டியை எவரும் எழுதிவைக்கவில்லை. ஓசூர் வழியே வருவோர் கடக்கும் அத்திபெலேயும், நகருக்குள் மெட்ரோ நிலையப் பெயராகிவிட்ட அத்திகுப்பேயும் அம்மரத்தின் பெயரைத் தம் பெயருக்குள் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஹரிணி நாகேந்திரா 2016இல் வெளியிட்ட பெங்களூரின் இயற்கை வரலாறு, தோப்புகளும் ஏரிகளும் நகருக்குள் கரைந்த விதத்தை விளக்குகிறது.

இந்த மரங்களின் வீழ்ச்சியை நகரம் எப்படிக் கணக்கிடுகிறது? 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்ட மர அலுவலரின் அனுமதி வேண்டும். ஈடாக மரம் நடவேண்டிய கடப்பாடும் உண்டு. நல்ல சட்டம். அதன் அலகு தனிமரம். 2016-17இல் ஹெப்பாளத்துக்கான எஃகு மேம்பாலத் திட்டத்தை எதிர்த்து மக்கள் தெருவில் நின்றபோதும் விவாதம் 800க்கும் மேற்பட்ட மரங்கள் என்ற எண்ணைச் சுற்றியே நடந்தது. 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. எண்ணிக்கை போராட்டத்துக்குத் தேவை. குளவிக்கு அந்த எண்ணிக்கையால் பயனில்லை. அதற்கு வேண்டியது, இவ்வாரம் ஒரு மரம், அடுத்த வாரம் பறக்கும் தொலைவில் இன்னொரு மரம். ஓர் அத்திக்கு ஈடாகப் பத்துத் தபேபுயா நட்டால் கோப்பில் ஒன்பது மரங்கள் ஆதாயம். குளவியின் வழியில் ஒரு கண்ணி அறுபட்டிருக்கும்.

எத்தனை கண்ணிகள் தேவை? 1990இல் பிரான்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் ஆப்பிரிக்க அத்தியினம் ஒன்றின் தரவுகளைக் கொண்டு கணினியில் இதை உருவகித்தனர். குளவிக்குடி ஓரிடத்தில் நான்காண்டு அறாமல் தொடர இடைநிலையாக 95 மரங்கள் தேவை என்ற விடை வந்தது. இது பெங்களூருக்கான எண் அன்று. மரங்களின் பூப்புக்காலம் நீண்டால் தேவை குறையும். எதிர்த்திசையிலும் சான்று உண்டு. நமீபியப் பாலைநிலத்தில் எகிப்து அத்தியின் குளவிகள் காற்றேறி, 160 கிலோமீட்டர் தொலைவு இடைவெளியுள்ள மரங்களுக்கிடையே மகரந்தத்தைக் கொண்டுசென்றதை 2009இல் மரபணு ஆய்வு நிறுவியது. அப்படியானால் நகரத்துக் குளவிக்கு ஆபத்தே இல்லையே என்று வாதிடலாம். நான் அப்படி எண்ணவில்லை. ஆற்றங்கரையை ஒட்டி வரிசையாக மரம் நிற்க, காற்று திறந்தவெளியில் வீசும் பாலைநிலம் ஒன்று. கட்டடங்களும் புகையும் வெப்பமும் நிறைந்த மாநகரம் வேறு. வெப்பத்தைப் பற்றி நேரடிச் சான்றே இருக்கிறது: அனுஷா கிருஷ்ணனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் நம் அத்தியைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, வெப்பம் மிகுந்த காலத்தில் பூக்குடங்கள் சிறுத்துவிடுவதையும், அதனால் மகரந்தச் சேர்ப்பி, ஒட்டுண்ணி இரண்டின் பெருக்கமும் குறைவதையும் காட்டியது. பெங்களூரு அத்தியின் மரபணு அமைப்பை மட்டுமே பொருளாகக் கொண்ட ஆய்வும் 2018இல் கிருஷ்ணன், போர்ஜஸ் இருவரால் வெளிவந்துள்ளது. ஆய்வகத்தில் இவ்வளவு அறிவு குவிந்திருக்கும் நகரத்திலேயே, மாநகராட்சியின் நடவுப் பட்டியலில் அத்தியினங்கள் வேர் நடைபாதையைப் பெயர்க்கும் என்ற ஒரே அளவுகோலால் எடைபோடப்படுவதைக் காண்கையில் வருத்தம் எழுகிறது.

இப்போது இல்லாதது, எந்த மரம் எப்போது பூக்கிறது என்ற நாட்குறிப்பு. இதற்கு ஆய்வகமோ நிதியோ வேண்டியதில்லை. இரண்டு மூன்று கல்லூரிகளின் இளநிலை மாணவர்கள் பகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு, தத்தம் தெருக்களின் அத்திகளை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஈராண்டில் குளவியின் வழி எங்கே தொடர்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்ற வரைபடம் கிடைக்கும். பூக்குடத்தை அறுக்கவும் வேண்டாம். பச்சைக்காயின் நுனியிலுள்ள வாய்த்துளையை ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். செதில்களுக்கிடையே கண்ணாடித்தாள் துணுக்குப் போல மெல்லிய சிறகுகள் சிக்கிக்கிடந்தால், நுழைந்த குளவி கழற்றிவிட்டுச் சென்றவை அவை. அத்தி பூத்திருக்கிறது, தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.